ப-63

காலரில் குறி போடும்போது பேனாவை அழுத்தக் கூடாது சார். அழுத்தினால் மை நூலுக்குள் ஓடிப் பரவிவிடும். அப்புறம் அது என்ன எழுத்து, என்ன எண் என்று போட்டவனுக்கே புரியாது. லேசாகப் போட்டால் துணி கிழிகிற வரைக்கும் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக லாண்டரி நடத்துகிறேன். என் கடையில் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது என்னை அலட்சியக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது.

குறி என்பது தெருவுக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எண். 'ப' என்றால் பள்ளிக்கூடத் தெரு. அந்தத் தெருவில் வாடிக்கை பெருகி, எண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டுவிட்டது. மூன்று இலக்கம் எழுதினால் காலர் பட்டையில் இடம் போதாது. எனக்குப் பார்க்கவே பிடிக்காது. அதனால் ஒரு வருஷத்துக்கு மேல் வராதவர்களுடைய எண்ணை எடுத்துப் புதிதாக வருபவருக்குக் கொடுத்துவிடுவேன். எல்லாக் கடையிலும் செய்வதுதான், வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. கொடுத்த உடனே குறி நோட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கீழே புதுப் பெயரை எழுதவேண்டும். அவ்வளவுதான் விதி.

மருந்துக்கடை சாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீடு பள்ளிக்கூடத் தெருவில்தான். அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து கடை நடத்தினார்கள். காலாவதியான மருந்தைக் கூட்டாளி மேல்சீட்டு மாற்றி ஒட்டி விற்றது தெரிந்து, சார் நடுத்தெருவில் நின்று, "உன்னை நான் சும்மா விடமாட்டேன்டா" என்று கத்தினார். தெருவே கேட்டது. ஒன்பதாவது நாள் கூட்டாளி கடையின் சரக்கு அறையில் மண்டை உடைந்து கிடந்தார். பின்பக்கச் சாக்கடையில் செய்தித்தாளில் சுருட்டிய வெள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தது, முன்பக்கம் முழுக்க ரத்தம். காலரின் உள்ளே ப-63.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேர் அந்தச் சட்டையோடு என் கடைக்கு வந்தார்கள். நோட்டை எடுத்துப் பிரித்தேன். ப-63 என்பதற்கு நேராக என் கையெழுத்தில் 'மருந்துக்கடை சார்' என்று இருந்தது. இருந்ததைப் படித்தேன், அவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

நீதிமன்றத்திலும் அதையேதான் சொன்னேன். சார் என்ன சொன்னார் தெரியுமா? மனைவி இறந்தபிறகு ஒன்றரை வருஷமாகத் துணியை லாண்டரிக்குப் போடவே இல்லை, வீட்டிலேயே துவைத்துக்கொள்கிறேன், அந்தச் சட்டை என்னுடையது இல்லை என்றார். அரசு வக்கீல் என்னைப் பார்த்து, ஒன்றரை வருஷத்தில் குறி அழிந்துவிடுமா என்று கேட்டார். அழியாது என்றேன். ஒரே குறியை இரண்டு பேருக்குப் போடுவதுண்டா என்றார். ஒரே சமயத்தில் போட்டது கிடையாது என்றேன். இதில் எது பொய் சார்? கூண்டில் நின்றபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இதை உறுதியாகச் சொல்லமுடியும். எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. தூக்கு. வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் இஸ்திரி அக்கா, பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுத் தற்செயலாகக் கேட்டார்.

"கோர்ட்ல காட்டினது என்ன குறி தம்பி?"

"ப-63."

அக்கா சிரித்துவிட்டார். "அடப் பாவமே, அது நம்ம கஞ்சி கம்மி குறியில்ல?"

வாடிக்கையாளர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது அக்காவுக்கு ஒரு பொழுதுபோக்கு. பொத்தான் போச்சு, நாளைக்கே வேணும், இது என் துணியில்லை என்று ஆளாளுக்கு ஒரு பெயர் உண்டு. கஞ்சி கம்மி என்பவர் பள்ளிக்கூடத் தெருவின் கோடியில் தனியாகக் குடியிருந்தார். மெல்லிய குரல். திங்கட்கிழமைதோறும் ஆறு வெள்ளைச் சட்டை கொண்டுவந்து, "கஞ்சி மட்டும் கம்மியா" என்பார், வேறு பேச்சு கிடையாது. நான் குறி போடுவது முதல் தடவை மட்டும்தான். அதன்பிறகு குறி பார்த்துப் பிரித்து அடுக்குவதெல்லாம் அக்கா வேலை. அதனால் அக்காவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நோட்டின் அட்டைக்குள் விரலைவிட்டுத் துழாவினேன். காலண்டரில் கிழித்த தினத்தாள் ஒன்று வந்தது. அதன் பின்பக்கம் என் கையெழுத்து: 'ப-63, கோடி வீடு, இன்று முதல்.' அன்றைக்கு நோட்டு மேல்தட்டில் இருந்திருக்கிறது. எக்கி எடுக்கச் சோம்பல்பட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று செருகிவைத்திருக்கிறேன். கொலைக்கு நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. இந்தத் தாள்தான் சார், உங்கள் மேஜைமேல் வைத்திருப்பது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குக் கிளம்பினேன். தபால் நிலையத் திருப்பம் வரைக்கும் போனேன். சத்தியம் செய்து சொன்ன சாட்சி தப்பு என்றால் என்னைச் சும்மா விடுவார்களா? கடைப் பெயர் என்ன ஆகும்? இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போகலாம் என்று திரும்பிவிட்டேன். சனிக்கிழமை மாலை போவதாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள்.

சாரின் மகள். ஒரே மகள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை, சனிக்கிழமை அரை நாள். நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன், கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கவுண்டருக்கு இந்தப்பக்கம் வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா எங்க அப்பா செய்யல. அப்போ நடுவுல எங்கேயோ ஒரு பிழை இருக்கு. பிழை பார்க்கிறதுதான் என் பிழைப்பு. நாம ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தா கிடைச்சிடும்."

நாம ரெண்டு பேரும் என்றாள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அம்மா போனபிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன். அதுவரை யாரும் என்னைச் சேர்த்து 'நாம' என்று சொன்னதில்லை. "பார்க்கலாம்மா" என்றேன். அவள் போனபிறகுகூட நாற்காலியை நகர்த்த மனம் வரவில்லை.

திங்கட்கிழமை கஞ்சி கம்மி ஆறு சட்டை கொண்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை ஐந்து. ஆறு சட்டை துவைக்க வரும்போது இன்னொரு ஆறு அவரிடம் இருக்கும். பன்னிரண்டில் இப்போது பதினொன்று. பதினொரு காலரிலும் மூன்றை எட்டாக்கினேன். கஷ்டமே இல்லை, இரண்டு வளைவு போதும். அறுபத்தெட்டுக்காரர் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தார், நோட்டிலும் அந்த எண்ணுக்கு நேராகக் கோடி வீட்டை எழுதிவிட்டேன்.

அக்கா விடவில்லை. "ஏன் தம்பி, அந்தக் குறி விஷயத்தைச் சொன்னியா?" என்று மறுபடி கேட்டார். சட்டையை எடுத்துக் காட்டினேன். "நல்லா பாருங்கக்கா, இது அறுபத்தெட்டு." அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. "எனக்கு மூணாத்தானே தெரிஞ்சுது இத்தனை நாளா" என்றார். கண் மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். சின்னக் குறை இருக்கத்தான் செய்தது, கண்ணாடி போட்டுவிட்டேன். பாவம், அதன்பிறகு ஒவ்வொரு துணியையும் மூன்று தடவை பார்ப்பார், தன் கண்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு பட்டுத் துணியைத் தீய்த்தும்விட்டார். ஆறாவது மாதம் வேலையைவிட்டு நிற்கச் சொன்னேன். கண் மங்கியவரைச் சூட்டுப் பெட்டியோடு வைத்துக்கொள்வது ஆபத்து.

அதன்பிறகு இரண்டு வருஷம் மூன்று மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல் அவள் வந்தாள். நான் காலையிலேயே முகச்சவரம் செய்துகொள்வேன். மூன்று மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அவள் நோட்டுகளைப் பிரித்துக்கொண்டு உட்காருவாள்; சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியிருப்பாள். நான் எதிரில் நின்று பொத்தான் தைப்பேன். ரசீதுக் கட்டு, மை வாங்கிய சீட்டு, பழைய வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட மாட்டேன். தீர்ந்துபோனால் என்ன செய்வது? ஒருமுறை, வேறு கடைக்காரன் இதே குறியைப் போட்டிருக்கலாமே என்றேன். ஊரில் உள்ள பதினான்கு லாண்டரிக்கும் வெயிலில் அலைந்துவிட்டு வந்தாள். காலில் கொப்புளம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குப் போய்க் களிம்பு வாங்கிவந்து கொடுத்தேன்.

அவள் கெட்டிக்காரி. ஒரு நாள் கொலை நடந்த வாரத்து ரசீதுகளை விரித்துவைத்திருந்தாள். ரசீதில் பெயரும் எண்ணிக்கையும்தான் இருக்கும், குறி இருக்காது. விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இவர் வாராவாரம் ஆறு சட்டை போடறார். ஆறு, ஆறு, ஆறு. இந்த வாரம் மட்டும் அஞ்சு. அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அஞ்சாவே வருது. ஏன்?"

"கிழிஞ்சிருக்கும்மா."

"இவர் எந்தத் தெரு?"

"பள்ளிக்கூடத் தெரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இவர் துணி இப்போ கடையில இருக்கா?"

இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்; ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. கட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். காலரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது, சத்தியமாக.

"ப-68. எட்டு ஏன் இப்படி இருக்கு? பாதி தடிப்பா, பாதி மெலிசா."

"பேனா முள் அப்போ சரியில்ல."

அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள், அதையும் பார்த்தாள். பிறகு மெதுவாக மடித்து வைத்தாள். "எனக்குக் கண்டதெல்லாம் பிழையாத் தெரியுது. பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்னைக்கோ உடைஞ்சு போயிருப்பேன்" என்றாள்.

கவனித்தீர்களா? அதில் அண்ணா இல்லை. அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. தேதி வேண்டுமானால் சொல்கிறேன்.

ஒருமுறை அவளோடு சிறைக்குப் போனேன். சார் பாதியாய் இளைத்திருந்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் இருந்து என்னைக் கும்பிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க தம்பி. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. என் பொண்ணு தனியா நிக்கிறா, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார். பெற்ற தகப்பனே ஒப்படைத்தபிறகு எனக்கும் ஒரு பொறுப்பு வந்துவிட்டது இல்லையா? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனதில் இருந்ததை அவளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்பா வெளியே வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் சார். அவர் வெளியே வந்தால்தான் அவள் பேசுவாள். அவர் வெளியே வர இந்தத் தாளைக் காட்டவேண்டும். காட்டினால், இத்தனை மாதம் அது எங்கே இருந்தது என்று கேட்பாள். கேட்டபிறகு என் கடைப் படி மிதிப்பாளா? எந்தப்பக்கம் திரும்பினாலும் சுவர். என்னைப்போல் கையாலாகாமல் நின்றவன் யாரும் இருக்கமுடியாது. மேல்முறையீடு போயிற்று. அதற்கு மேல்முறையீடும் போயிற்று. கருணை மனுவும் திரும்பி வந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவளோடு சேர்ந்து நானும் துடித்தேன்.

புதன்கிழமை காலை என்று தேதி குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை அவள் வந்தபோது கையில் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. என் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அப்போது இரண்டாவது நாற்காலி வாங்கியிருந்தேன்.

"வக்கீல் இன்னைக்கும் சொன்னார். ஒரு சின்னச் சந்தேகம் போதுமாம். ஒரே ஒரு காகிதம். தந்தி அடிச்சாக்கூட நிறுத்திடுவாங்களாம். நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன்தானே? எதையும் விட்டுடலையே?"

"இல்லம்மா."

"எனக்கு ஒண்ணுமே செய்ய முடியல" என்றாள். அழவில்லை. குரல்தான் உடைந்து உடைந்து வந்தது. நான்கு நாளாகத் தூங்கவில்லை என்றாள். அப்படியே என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

குறி நோட்டு எதிர்த்தட்டில் இருந்தது, தாள் அதன் அட்டைக்குள்ளேயே. நான்கு எட்டு வைத்தால் போதும். எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று. அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது. எழுந்தால் விழித்துவிடுவாள், நான்கு நாளாகத் தூங்காத பெண். நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போனது. என் ஆயுளில் அதைவிட நிம்மதியாக நான் இருந்ததில்லை.

விழித்ததும் வெட்கப்பட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அப்புறம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் இருந்தன. திங்கட்கிழமை கஞ்சி கம்மி ஆறு சட்டை போட்டார். நான் ரசீது எழுதினேன்.

புதன்கிழமை முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குச் சரியாக வந்தாள். சிறையில் கொடுத்த துணிமூட்டையைக் கவுண்டர்மேல் வைத்தாள். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு. துவைத்துத் தரவேண்டும் என்றாள். பழக்கதோஷம், காலரைத் திருப்பிக் குறி பேனாவை எடுத்துவிட்டேன்.

"குறி போடாதீங்கண்ணா."

"போடலைன்னா தொலைஞ்சு போயிடும்மா."

"இனிமே என்ன தொலைய இருக்கு?" என்றாள். பிறகு கும்பிட்டாள், அவள் அப்பா கும்பிட்டமாதிரியே. "இத்தனை நாள் எனக்காக உங்க வேலையைக் கெடுத்துக்கிட்டீங்க. இந்த நன்றியை மறக்கமாட்டேன் அண்ணா. துணியை வேற யாராவது வந்து வாங்கிப்பாங்க. இனிமே எனக்கு இங்க வர வேலை இல்ல."

இரண்டு தடவை அண்ணா என்றாள். அவ்வளவு செய்தும் இதுதான் மிச்சமா என்று இருந்தது.

பதினொரு மாதம் ஆகிறது. அச்சகத்தில் கேட்டேன், வேலையைவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு நாற்காலியையும் துடைத்துவைப்பேன். ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ப-63 மருந்துக்கடை சாருடைய குறி இல்லை என்று தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். மூன்றை எட்டாக்கியது நான். தெரிந்தே ஒரு மனிதரைத் தூக்குக்கு அனுப்பினேன். கோடி வீட்டு முகவரி அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஆள் ஊரில்தான் இருக்கிறார், போன திங்கட்கிழமைகூடத் துணி போட்டார். சட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், எட்டில் பாதி மை பழையது, பாதி புதியது. அவள் அன்றைக்கே சரியாகச் சொன்னாள்.

இப்போது எதற்கு வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளலாம். என் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அவளுக்கு அனுப்பவேண்டும். மகள் என்ற முறையில் அனுப்பியே தீரவேண்டும் என்று வெளியே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு வரி விடாமல் படிப்பாள். கேட்க அவளுக்கு நிறைய இருக்கும், என்னைத் தவிர யாரிடமும் பதில் கிடையாது. இனி வர வேலை இல்லை என்று அவள் சொல்லமுடியாது. என்னை எந்தச் சிறையில் வேண்டுமானாலும் போடுங்கள். பார்க்க வருகிற நாள் மட்டும் சனிக்கிழமையாக இருக்கட்டும் சார், மூன்று மணிக்கு மேல்.